முள்ளில்லா நட்சத்திரக் கள்ளி: அடையாளமும் வளர்ப்பு முறையும்

கள்ளி என்றாலே முள்தான் நினைவுக்கு வரும். ஆனால் முள்ளே இல்லாத கள்ளி ஒன்று உண்டு. தரையோடு தரையாக, கவிழ்த்து வைத்த சிறு கிண்ணம் போல இருக்கும். மேலிருந்து பார்த்தால் எட்டுச் சுளைகளாகப் பிரிந்து நட்சத்திரம் போலத் தெரியும். இதனால் இதற்கு நட்சத்திரக் கள்ளி என்று பெயர். தாவரவியலில் அஸ்ட்ரோபைட்டம் அஸ்டீரியாஸ் என்பர்.

இயற்கையில் இச்செடி அருகி வருகிறது. எனினும் விதையிலிருந்து வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது கடினமன்று. வேறு செடியை இதுவென்று நம்பி வாங்கி ஏமாறுவதும், சரியான செடியை வாங்கித் தண்ணீர் ஊற்றியே அழுகவிடுவதும்தான் வளர்ப்போருக்கு நேரும் இரண்டு நஷ்டங்கள். இவ்விரண்டையும் தவிர்க்க, செடியின் அடையாளத்தையும் அது பிறந்த மண்ணின் தன்மையையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எல்லாக் கள்ளியும் ஓரினம் அல்ல

நம் ஊர் வேலிகளில் உள்ள சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளி மட்டும் வேறு குடும்பம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதை ஒடித்தால் பால் வராது. கொழகொழப்பான சாறுதான் வரும். நட்சத்திரக் கள்ளியும் இந்தச் சப்பாத்திக்கள்ளிக் குடும்பமே. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருப்பது செடி வாங்கும்போது பயன்படும்.

தாயகம்

மெக்சிகோ நாட்டின் வடகிழக்கில் உள்ள தமௌலிபாஸ், நுவோ லியோன் மாநிலங்களும், அதனை அடுத்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஸ்டார் மாவட்டமும் இதன் தாயகம். கார்வின்ஸ்கி என்பவர் 1843-ல் மெக்சிகோவில் இதனைச் சேகரித்தார். 1845-ல் சுக்கரினி என்ற தாவரவியலார் இதனை விவரித்து எழுதினார். பிறகு பல்லாண்டுகள் இச்செடி யார் கண்ணிலும் படவில்லை. 1923-ல் செக் நாட்டைச் சேர்ந்த ஃப்ரிச் என்பவர் மீண்டும் கண்டுபிடித்தார்.

இது வளரும் இடம் மணற்குன்றுகள் நிறைந்த பாலைவனம் அன்று. சரளை கலந்த களியும் வண்டலும் உள்ள வறண்ட முட்காடு. நம் சீமைக் கருவேலின் இனத்தைச் சேர்ந்த முள்மரங்களும் குத்துச்செடிகளும் அங்கு நிறைந்திருக்கும். அவற்றின் அரை நிழலில்தான் நட்சத்திரக் கள்ளி பெரும்பாலும் காணப்படுகிறது. நாள் முழுதும் கொளுத்தும் வெயிலில் நின்று பழகிய செடி அன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

மழை பெய்தால் உடலில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு உப்பும். வறட்சி நீடித்தால் சுருங்கி, மண்மட்டத்துக்கு இறங்கிவிடும். மேலே புழுதி படிந்தால் அருகில் நின்று பார்த்தாலும் தெரியாது. முள் இல்லாத இச்செடிக்கு இப்படி ஒளிந்துகொள்வதே பாதுகாப்பு. மற்றக் கள்ளிகளைப் போலவே இதுவும் பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் திறக்கிறது. இதனால் ஈரம் வீணாவது குறைகிறது.

அருகிப் போனது ஏன்?

முதற் காரணம் நிலம் மாறியது. முட்காடுகள் அழிக்கப்பட்டுப் பயிர் நிலங்களாகவும் மேய்ச்சல் நிலங்களாகவும் மாறின. டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களில் பரப்பப்பட்ட புற்களுள் ஒன்று, நம் விவசாயிகள் நன்கறிந்த கொழுக்கட்டைப் புல். ஆடு மாடுகளுக்கு நல்ல தீவனமான அப்புல் அங்கே அடர்ந்து படர்ந்து, சிறு செடிகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

இரண்டாவது காரணம், அழகுச் செடிக்காகத் தோண்டி எடுத்தது. மூன்றாவது, ஆள் மாறிய கதை. அதே காட்டில் பெயோட்டி என்ற இன்னொரு முள்ளில்லாக் கள்ளியும் வளர்கிறது. பெயோட்டியை வெட்டச் செல்பவர்கள் இதனையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள்.

அமெரிக்க அரசு 1993-ல் இச்செடியை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில், 1987 முதல் இது மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டுச் செடியை எடுத்து வணிக நோக்கில் நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது. இந்தியாவும் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ தருவிப்பதானால் இதற்குரிய அனுமதியும், இறக்குமதி அனுமதியும், பயிர் நலச் சான்றும் வேண்டும். ஆகவே நம் நாட்டிலேயே விதையிலிருந்து வளர்க்கப்பட்ட செடியைத் தேடுவதே எளிது, முறையானதும்கூட.

அடையாளம்

* உருண்டையை மேலும் கீழும் அழுத்தியது போன்ற தட்டை வடிவம். முதிர்ந்த செடி 15 செ.மீ. அகலம் வரை வரலாம். உயரம் அதில் பாதிக்கும் குறைவு.

* பெரும்பாலும் 8 சுளைகள் இருக்கும். சில செடிகளில் 7 முதல் 10 வரையும் காணலாம். சுளைகள் தட்டையாக, அகன்று இருக்கும். இரண்டு சுளைகளுக்கு நடுவே குறுகிய கோடு போன்ற பள்ளம் ஓடும்.

* ஒவ்வொரு சுளையின் நடு முதுகிலும் சிறு பஞ்சு உருண்டைகள் வரிசையாக இருக்கும். மற்றக் கள்ளிகளில் முள் முளைக்கும் இடம் இதுவே. வளர்ந்த நட்சத்திரக் கள்ளியில் இங்கு முள் இராது.

* உடலெங்கும் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். உற்றுப் பார்த்தால் இவை நுண்ணிய மயிர்க் கற்றைகள் என்பது தெரியும். சில செடிகளில் நிறைந்தும் சிலவற்றில் குறைந்தும் காணும்.

* பூ மஞ்சள் நிறம். நடுவில் செம்மை படர்ந்திருக்கும். செடியின் உச்சியில் பூக்கும். பகலில் விரிந்து மாலையில் கூம்பும்.

ஜப்பானியர் பெரிய வெண்புள்ளிகள் உள்ள செடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, 'சூப்பர் கபுட்டோ' என்ற வகையை உருவாக்கியுள்ளனர். கபுட்டோ என்றால் போர்வீரரின் தலைக்கவசம். சந்தையில் இவ்வகையும் வருகிறது. இது வேறு இனமன்று. தேர்ந்தெடுத்த வகை மட்டுமே.

ஏமாற்றும் இரட்டைகள்

1. யூபோர்பியா ஒபேசா: தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியைச் சேர்ந்தது. இதற்கும் 8 சுளைகள், முள்ளும் கிடையாது. ஆனால் பஞ்சு உருண்டைகளும் வெண்புள்ளிகளும் இல்லை. உடலில் பட்டைக் கோடுகள் இருக்கும். சிறிது கீறினால் பால் வரும். இது நம் சதுரக்கள்ளியின் உறவு. பால் கண்ணில் படக் கூடாது.

2. அஸ்ட்ரோபைட்டம் மிரியோஸ்டிக்மா: இதுவும் மெக்சிகோ கள்ளியே, முள்ளில்லாதது, வெண்புள்ளிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலும் 5 சுளைகள். அவை கத்தி முனை போலக் கூர்மையாக எழுந்து நிற்கும். செடி முதிர முதிரத் தூண் போல உயரும்.

3. கலப்பினம்: நட்சத்திரக் கள்ளியும் மிரியோஸ்டிக்மாவும் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். சுளைகள் பாதி தட்டை, பாதி கூர்மையாக இருந்தால் அது கலப்புச் செடி என்று சந்தேகிக்கலாம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அசல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

4. பெயோட்டி: நீலம் கலந்த சாம்பல் நிறம், வெண்புள்ளிகள் கிடையா, பஞ்சுக் குஞ்சங்கள் சற்றுப் பெரியவை, பூ இளஞ்சிவப்பு. இதில் மெஸ்கலின் என்ற போதைப் பொருள் உள்ளது. மெஸ்கலின் நம் நாட்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், இச்செடியை வாங்கவே கூடாது.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

தொட்டியில் விதைத்து வளர்த்த செடி சீரான வட்டமாக, மேல் தோல் சுத்தமாக இருக்கும். காட்டில் பிடுங்கிய செடி ஒருபக்கம் சாய்ந்து, தழும்புகளோடு, அடிப்பாகம் தக்கை போல் தடித்துக் காணும். வேர்கள் அறுபட்டிருக்கும். அத்தகைய செடி சட்டப்படி ஏற்கத்தக்கதன்று, பிழைப்பதும் அரிது.

அடிப்பாகத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லது. நைந்து, பழுப்பு நீர் கசிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு செடியாக வாங்காமல், வெவ்வேறு விதைகளில் பிறந்த இரண்டு அல்லது மூன்று செடிகளாக வாங்குவது நல்லது. காரணம் பின்னர் கூறப்படுகிறது.

மண்ணும் தொட்டியும்

ஊற்றிய தண்ணீர் உடனே வடியவேண்டும். இதுவே முதல் விதி. பருமணல் 2 பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டு 1 பங்கு, நன்றாக மக்கிய இலை எருவும் செம்மண்ணும் சேர்த்து 1 பங்கு கலந்துகொள்ளலாம். மணலையும் செங்கல் துண்டையும் கழுவித் தூசியை நீக்க வேண்டும். தூசி தங்கினால் அது நாளடைவில் அடியில் சேறாகி வடிகாலை அடைத்துவிடும். பச்சைச் சாணம், மக்காத தொழு உரம் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது.

மண் தொட்டியே ஏற்றது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். செடியின் அகலத்தைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை மட்டுமே கூடுதலாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சிறு செடியை வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலுக்கு வழி வகுக்கும். நட்டபின் செடியின் கழுத்தைச் சுற்றி ஒரு விரற்கடைக்குச் சிறு கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும். இதனால் கழுத்து எப்போதும் உலர்ந்திருக்கும். மாற்றி நட்ட செடிக்கு ஒரு வாரம் தண்ணீர் விடக்கூடாது. வேரில் ஏற்பட்ட காயங்கள் ஆற அந்த நாட்கள் தேவை.

வெயிலும் தண்ணீரும்

காலை வெயில் நன்று. சித்திரை, வைகாசி உச்சி வெயில் ஆகாது. நிழல்வலையோ, தென்னங்கீற்றின் சல்லடை நிழலோ போதும். நிழலில் இருந்த செடியைத் திடீரென்று வெயிலுக்கு மாற்றினால் மேல்தோல் வெந்து, ஆறாத வடு விழும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

தண்ணீர் விடும்போது அடித்துளை வழியே வடியும்வரை விட்டு, பிறகு மண் அடிவரை காயும்வரை நிறுத்தவேண்டும். மேல்மண் காய்ந்தது போல் இருந்தாலும் அடியில் ஈரம் இருக்கலாம். மெல்லிய மூங்கில் குச்சியை ஓரமாகச் செருகி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குச்சியில் ஈரமண் ஒட்டினால் காத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். செடி சற்றுச் சுருங்கினால் பதற வேண்டாம். தன் காட்டில் செய்வதையே அது தொட்டியிலும் செய்கிறது. ஆனால் ஈரமண்ணில் இருந்தும் செடி சுருங்கினால், வேர் அழுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இச்செடிக்கு உண்மையான எதிரி வறட்சியன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். புரட்டாசி முடியுமுன் தொட்டிகளைத் தாழ்வாரம் அல்லது பாலிதீன் கூரையின் கீழ் மாற்றிவிட வேண்டும். காற்று நன்றாக வீச வேண்டும். வானம் மூடிய நாட்களில் தண்ணீர் அறவே வேண்டாம். உப்புக் கலந்த ஆழ்குழாய்த் தண்ணீர் மண்மேல் வெள்ளை உப்பைப் படியவைக்கும். முடிந்தவரை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவது நல்லது.

விதைப்பு

விதை கரும்பழுப்பு நிறத்தில், நடுவில் குழிந்து, சிறு தொப்பி போலப் பளபளப்பாக இருக்கும். தண்ணீரில் மிதக்கும். மிதக்கிறது என்பதற்காகப் பொக்கு விதை என்று நெல் விதையைப் போலக் கழித்துவிடக் கூடாது. புதிய விதையே நன்றாக முளைக்கும்.

மாசி, பங்குனி விதைப்புக்கு ஏற்ற காலம். வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் நன்று. மண் கலவையைச் சலித்து, கொதிக்கும் நீரை ஊற்றி ஆறவிட்டால் பூஞ்சாணமும் களை விதைகளும் மடியும். நீர் வடிந்து ஈரப்பதமாக இருக்கும்போது விதைகளை மேலாகத் தூவி, லேசாக அழுத்தினால் போதும். மண்போட்டு மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் தேவை. தொட்டியைப் பாலிதீன் பையால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் பச்சை மிளகு போன்ற முளைகள் தோன்றும்.

சில வாரங்கள் கழித்துப் பையில் துளையிட்டு, துளைகளை மெல்லப் பெருக்கி, கடைசியில் பையை நீக்க வேண்டும். நாற்றுப் பருவத்தில் மட்டும் மண் முழுதும் காயக் கூடாது. பாசி படர்ந்தால் ஈரம் மிகுதி என்று அறிந்து காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். நாற்று கொண்டைக்கடலை அளவு ஆனதும் பிரித்து நடலாம். இதற்கு ஓராண்டு வரை ஆகலாம். பூக்க 4 ஆண்டுகள் வரையோ அதற்கு மேலோ பொறுக்க வேண்டும்.

ஒட்டுக் கட்டுதல்

விரைவான வளர்ச்சி வேண்டுவோர் ஒட்டுக் கட்டலாம். இதற்கு டிராகன் பழக் கொடி நல்ல வேர்ச்செடி. அதுவும் இதே கள்ளிக் குடும்பமே. வேரூன்றிய, 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள கொடித் துண்டின் தலையைச் சுத்தமான பிளேடால் மட்டமாகச் சீவ வேண்டும். மூன்று விளிம்புகளையும் சற்றுச் சரிவாகச் செதுக்க வேண்டும். நாற்றின் அடியையும் மட்டமாகச் சீவி, இரண்டிலும் நடுவே தெரியும் வளையங்கள் ஒன்றையொன்று தொடுமாறு உடனே பொருத்தி, ரப்பர் வளையத்தால் இறுக்காமல் கட்ட வேண்டும். உலர்ந்த நாளில், நிழலில் இதனைச் செய்ய வேண்டும். வெட்டில் தண்ணீர் படக் கூடாது. சுமார் பத்து நாளில் கட்டை அவிழ்க்கலாம்.

ஒட்டுச் செடி வேகமாகப் பருக்கும், முன்னதாகப் பூக்கும். ஆனால் தட்டை வடிவம் மாறி உப்பலாகத் தோன்றலாம். இயல்பான வடிவம் வேண்டுமானால் சொந்த வேரில் வளர்ப்பதே நன்று.

விதை பிடிக்க இரண்டு செடி தேவை

பலர் அறியாத செய்தி இது. நட்சத்திரக் கள்ளி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே செடி எத்தனை பூப்பூத்தாலும் விதை பிடிக்காது. வேறு விதையில் பிறந்த மற்றொரு செடி அதே நாளில் பூத்திருக்க வேண்டும். ஒரே செடியிலிருந்து வெட்டிக் கட்டிய இரண்டு ஒட்டுகள் இரண்டு செடிகளாகா, அவை ஒன்றேதான். காட்டில் தேனீக்கள் இந்த வேலையைச் செய்கின்றன. செடிகள் தோண்டப்பட்டு, ஒன்று இங்கும் மற்றொன்று வெகுதூரத்திலும் நின்றால் தேனீயாலும் பயனில்லை. எஞ்சிய செடி உயிரோடு இருந்தும் சந்ததியற்றுப் போகிறது. காட்டில் ஒரு செடியைப் பிடுங்குவது அந்த ஒரு செடியோடு நிற்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

வீட்டில், பூ நன்றாக விரிந்த நடுப்பகலில் மென்மையான தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றதன் சூல்முடியில் தடவி, பின்னர் மாற்றியும் தடவ வேண்டும். அருகில் வேறு அஸ்ட்ரோபைட்டம் பூத்திருந்தால் தூரிகையை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் செடிகளைத் தள்ளி வைப்பது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் விதை கலப்பாகிவிடும். காய் பஞ்சு மூடியிருக்கும். முதிர்ந்து காய்ந்ததும் அடிப்பகுதியில் விடுபட்டு விதை சிந்தும். எறும்பு இழுத்துச் செல்லுமுன் மெல்லிய துணியால் காயை மூடிக் கட்டிவிடலாம்.

பூச்சியும் அழுகலும்

மாவுப்பூச்சி பஞ்சு உருண்டைகளோடு ஒன்றாகக் கலந்து தெரியாமல் இருக்கும். வாரம் ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது. கண்டால் சாராயச் சத்தில் (ஸ்பிரிட்) நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கலாம். காரணமின்றி வளர்ச்சி நின்றால் செடியைத் தட்டி எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடி போல் இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, உலர்த்தி, புது மண்ணில் நட வேண்டும். உச்சியில் துருநிறம் படர்ந்தால் செஞ்சிலந்தி இருக்கக்கூடும். எலியும் அணிலும் கொறிக்காமல் கம்பிவலையால் காக்க வேண்டும். முள் இல்லாததால் அவற்றுக்கு இது எளிய இரை.

அழுகல் கண்டால், பழுப்பு நிறம் சிறிதும் தெரியாத இடம்வரை சுத்தமான கத்தியால் சீவி, நிழலில் உலர்த்த வேண்டும். எஞ்சிய நல்ல தலையை டிராகன் கொடியில் ஒட்டிக் காப்பாற்ற முயலலாம்.

சிறு விவசாயிகள் கவனிக்க

இச்செடியை நம்பிக் கடன் வாங்கி முதலீடு செய்வது கூடாது. விதைத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியது, வாங்குவோரும் சிலரே. ஒரு சாண் அகலத் தொட்டி நாலைந்து வைக்கத் தாழ்வாரம் இருந்து, பொறுமையும் இருந்தால், சொந்த விதை எடுத்து நாற்று வளர்த்து, ஆர்வலருக்குக் கொடுக்கலாம். விதைத்த தேதியையும் தாய்ச்செடிகளின் விவரத்தையும் சிறு பலகையில் எழுதித் தொட்டியில் செருகி வைப்பது நல்லது. வாங்குபவருக்கு அதுவே நம்பிக்கை தரும் சான்று.

வீட்டில் முளைக்கும் ஒவ்வொரு நாற்றும், மெக்சிகோ முட்காட்டில் மண்வெட்டிக்குத் தப்பும் ஒரு செடிக்குச் சமம். தண்ணீரைக் குறைத்து, விதையைப் பெருக்குவதே இதன் வளர்ப்பு இரகசியம்.